அந்த 140 வரிகள்

போன செவ்வாய்க்கிழமை தம்பி ஒரு மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பியிருந்தான். கூடப்பிறந்த தம்பி இல்லை. எங்கள் குழுவுக்கு வந்து இரண்டு வருடமாகிற விருதுநகர்ப் பையன். நான் அவனுக்கு அக்கா. 310 வரி இருந்த அசெம்ப்ளர் (கம்ப்யூட்டரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழி) மாட்யூல் ஒன்றில் 140 வரியை எடுத்துவிட்டிருந்தான். டெஸ்ட் எல்லாம் பாஸ்.

"அக்கா, இதுல பாதி ஓடுறதே இல்ல. மீதி ஓடுது, ஆனா அது எழுதுறத யாரும் படிக்கிறதில்ல. எடுத்துட்டுப் பாருங்க, எவ்ளோ பளிச்சுனு இருக்குன்னு."

பார்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் இதே மாட்யூலை 1998-இல் ஒருத்தி இப்படித்தான் பளிச்சென்று ஆக்கினாள். அது நான். ரிவ்யூ பெட்டியில் நாலு வரி பதில் எழுதிப் பார்த்தேன், அடங்கவில்லை, அழித்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பின்னணி கொஞ்சம் சொல்ல வேண்டும். 1994 முதல் சென்னையில் உட்கார்ந்து மெயின்ஃப்ரேம் (வங்கி மாதிரி இடங்களில் ஓடும் பெரிய கம்ப்யூட்டர்) சிஸ்டம் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். வங்கிக் கணக்கு பார்க்கும் கோபோல் ப்ரோக்ராம்களுக்கும் கீழே, ஐபிஎம்-இன் எம்விஎஸ் (இப்போது இசட்ஓஎஸ்) ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒட்டி ஓடுகிற ப்ராடக்ட் எங்களுடையது. ராத்திரி பேட்ச் வேலைகள் ஸ்பூலில் (அச்சுக்குப் போக வேண்டியவை காத்திருக்கும் இடம்) கொட்டுகிற ரிப்போர்ட்டுகளை எடுத்து, பக்கவாரியாக இன்டெக்ஸ் போட்டு, சேமித்து வைக்கும். ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு ஸ்டேட்மென்டில் 14-ஆம் பக்கம் வேண்டும் என்றால் எடுத்துக் கொடுக்கும். எழுதுவது இங்கே, ஓடுவது வேறு கண்டத்தில் ஏதோ ஒரு வங்கியின் மெஷினில். அந்த மெஷினை நாங்கள் தொட முடியாது. நிறுத்தி வைத்து டிபக் பண்ண முடியாது. விழுந்தால் அவர்கள் டம்ப் (அந்தக் கணத்தில் மெமரியில் இருந்ததன் நகல்) அனுப்புவார்கள், அதுதான் எங்களுக்குக் கிடைப்பது. இந்த ஒரு காரணத்தால்தான் எளிமை என்ற சொல்லை எங்கள் வேலையில் கொஞ்சம் நின்று யோசித்துப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

தம்பி இன்னொன்றும் சொன்னான்: "சின்ன ப்ரோக்ராம்ல தப்பு ஒளிய இடமே இருக்காதுக்கா." அதற்கு எங்கள் உலகத்திலேயே பழைய பதில் ஒன்று உண்டு. ஐஇஎஃப்பிஆர்14. ஜேசிஎல் (மெயின்ஃப்ரேமிடம் எந்த வேலையை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் மொழி) எழுதிய எல்லாருக்கும் தெரிந்த பெயர். எதுவுமே செய்யாமல் திரும்பி வருவதற்காகவே எழுதப்பட்ட ப்ரோக்ராம். ஒரு ஸ்டெப்பை ஓட்டினால் டேட்டாசெட்டை, அதாவது கோப்பை, உருவாக்குவதையும் அழிப்பதையும் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும், ப்ரோக்ராம் சும்மா வந்து போனால் போதும். முதலில் அதில் இருந்தது ஒரே ஒரு கட்டளை: 14-ஆம் ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவிடம்) இருக்கும் முகவரிக்குத் திரும்பிப் போ. 2 பைட். இதைவிடச் சின்னதாக ஒரு ப்ரோக்ராம் எழுத முடியாது. அதிலும் தப்பு இருந்தது. 15-ஆம் ரெஜிஸ்டரில்தான் ரிட்டர்ன் கோட் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம், இது வைக்கவில்லை. அதில் முன்னமே கிடந்த குப்பையை சிஸ்டம் ரிட்டர்ன் கோட் என்று எடுத்துக்கொண்டது. 15-ஐப் பூஜ்யமாக்கும் இன்னொரு 2 பைட் கட்டளையைச் சேர்த்தார்கள். திருத்தத்தால் ப்ரோக்ராமின் அளவு இரண்டு மடங்கு ஆனது.

இதை அவனை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது கட்டளை ப்ரோக்ராமின் வேலைக்குத் தேவைப்படாதது. கூப்பிட்டவருக்கு "நல்லபடியாக முடிந்தது" என்று தகவல் சொல்வதற்காக மட்டுமே இருக்கிறது. எங்கள் மாட்யூலில் அவன் எடுத்த 140 வரியிலும் நிறைய அந்த வகைதான்.

இனி 1998.

அந்த மாட்யூலின் வேலை சுலபமானது. இன்டெக்ஸ் போடும்போது ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன மெமரித் துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிஸ்டத்திடம் கேட்டால் செலவு அதிகம். அதனால் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஒரு துண்டு கொடுப்பது, முடிந்ததும் திருப்பி வாங்குவது. செல் பூல் என்போம். ஒரு செல் 136 பைட்: அடுத்த செல்லைக் காட்டும் முகவரிக்கு 4, ரிப்போர்ட்டின் ஒரு வரிக்கு 132.

1986-இல் யாரோ எழுதிய அந்த மாட்யூலில், ஒவ்வொரு செல்லுக்கும் முன்னால் 8 பைட்டும் பின்னால் 8 பைட்டும் கூடுதலாக இருந்தன. முன்னால் இருப்பதில் நாலெழுத்து ஐ-கேட்சர் (இது என்ன என்று கண்ணுக்குக் காட்டும் பெயர்), அடுத்து அந்தச் செல்லை வாங்கியவர் எங்கிருந்து கேட்டார் என்கிற முகவரி. பின்னால் மாறவே கூடாத ஒரு 8 பைட் கோலம். காவல் சொல் என்று நாங்கள் சொல்வோம். திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கோலம் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கெல்லாம் மேலே ஒரு ட்ரேஸ் டேபிள்: 256 வரி, வரிக்கு 16 பைட், சரியாக 4096, ஒரு பக்கம். கொடுத்தது வாங்கியது எல்லாம் அதில் சுற்றிச் சுற்றி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். லாக் எதுவும் எடுக்காது. இடம் பிடிக்க ஒரு கம்பேர்-அண்ட்-ஸ்வாப் (நடுவில் வேறு யாரும் மாற்றாதிருந்தால் மட்டும் மதிப்பை மாற்றும் கட்டளை), அவ்வளவுதான்.

எனக்கு அப்போது நாலு வருட அனுபவம். 180 வரி மாட்யூலை 60 வரியாக்கினேன். ஐ-கேட்சர் போச்சு, காவல் சொல் போச்சு, ட்ரேஸ் போச்சு. ஒரு செல்லுக்கு 16 பைட் மிச்சம். உள்ளே போய் வெளியே வரும் வழியில் சேவ் ஏரியாவில் ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தும் கட்டளைகளைக்கூட எடுத்தேன். இது யாரையும் கூப்பிடாத கடைக்கோடி ரொட்டீன், 72 பைட் சேவ் ஏரியா இதற்கு எதற்கு என்று. மேலே இருந்த பழைய மாற்றக் குறிப்புகளையும் இடத்தை அடைக்கிறது என்று நீக்கினேன். ரிவ்யூவில் எல்லாரும் பாராட்டினார்கள். அது மே மாதம்.

அடுத்த ஜனவரி மாதக் கடைசி. ஐரோப்பாவில் ஒரு வங்கி. எங்கள் ப்ராடக்ட் விழுந்தது: எஸ்0சி4, நாங்கள் வாயில் சொல்வது சாக்-ஃபோர். தனக்கு உரிமையில்லாத, அல்லது இல்லவே இல்லாத முகவரியைத் தொட்டால் வருவது.

டம்ப் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அப்போது இவ்வளவு பெரிய கோப்பை நெட்டில் அனுப்ப வழியில்லை. 3490 டேப் கார்ட்ரிட்ஜில் எழுதி கூரியரில் போட்டார்கள். அது விமான நிலையத்தில் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. அதற்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று கேட்ட அதிகாரியிடம், விற்க முடியாத ஒரு தகவல் இருக்கிறது என்று எங்கள் அட்மின் அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

கார்ட்ரிட்ஜை ஏற்றி, டம்ப் படிக்கும் கருவியான ஐபிசிஎஸ்-இல் திறந்தால், விழுந்த கட்டளை சங்கிலியில் அடுத்த செல்லுக்குப் போகிற இடம். 12-இல் தொடங்க வேண்டிய முகவரி 40-இல் தொடங்கியது. ஒரே ஒரு பைட் மாறியிருக்கிறது. மெயின்ஃப்ரேமில் 40 என்ற ஹெக்ஸ் எண்ணைப் பார்த்தாலே எங்களுக்கு ஒன்று தோன்றும்: எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீட்டில் அது வெற்றிடம், ஸ்பேஸ். யாரோ எழுத்து வரி ஒன்றை நகலெடுக்கும்போது ஒரு பைட் எல்லை தாண்டிவிட்டார்கள்.

யார்?

இங்கேதான் நான் செய்தது என்னவென்று எனக்கே விளங்கியது. டம்ப் என்பது விழுந்த கணத்தின் படம். அடிபட்ட செல் கண்முன்னால் கிடக்கிறது. அடித்தவர் பக்கத்துச் செல்லை எப்போதோ வாங்கி, எழுதி, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயாயிற்று. அந்தச் செல் அதற்குப் பின் இன்னும் எத்தனை பேர் கைக்குப் போனதோ. செல்லில் பெயர் இல்லை, முகவரி இல்லை, நேரம் இல்லை. பூலைப் பயன்படுத்துகிற இடங்கள் 40-க்கும் மேல். டம்ப்பின் வலது பக்கத்தில் எழுத்தாகத் தெரிகிற பத்தியில் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வரிகள். எது எங்கே தொடங்குகிறது என்பதற்குக்கூட அடையாளம் இல்லை. செல்லின் எல்லைகளை நான் பென்சிலால் 136, 136 என்று கூட்டிக் குறித்துக்கொண்டு போனேன்.

ஐபிஎம் அந்த ஐ-கேட்சர்களை ஏன் அத்தனை பிடிவாதமாக வைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எம்விஎஸ்-இன் எந்த டம்ப்பை வேண்டுமானாலும் எடுங்கள். ஹெக்ஸ் 10-ஆம் முகவரியில் சிவிடி என்ற மையக் கட்டத்துக்கு வழி; அங்கிருந்து எதற்கும் வழி. ஓர் அட்ரஸ் ஸ்பேஸின் (ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய மெமரிப் பரப்பு) தலைமைக் கட்டத்துக்குப் போனால் அதன் முதல் நாலு பைட் 'ஏஎஸ்சிபி' என்று எழுத்திலேயே சொல்லும். அந்த நாலு பைட்டால் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தவறான வழியில் வந்தேனா சரியான வழியில் வந்தேனா என்று படிக்கிற ஆளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் இருக்கிறது. 1983-இல் ஐபிஎம் இனிமேல் சோர்ஸ் தரமாட்டோம், ஆப்ஜெக்ட் கோட் (மெஷின் ஓட்டும் வடிவம்) மட்டும்தான் என்று அறிவித்தபோது வாடிக்கையாளர்கள் அவ்வளவு கோபப்பட்டதற்கு ஒரு காரணமும் இதுதான். மைக்ரோஃபிஷில் (பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் பதித்த படத்தாள்) சோர்ஸைப் படித்து டம்ப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பாதை அடைபட்ட பிறகு வெளியாளுக்கு மிஞ்சியது மெசேஜும் ட்ரேஸும் ஐ-கேட்சரும்தான்.

ஸ்லிப் ட்ராப் வைக்கலாமே என்று அனுபவமுள்ளவர்கள் கேட்பார்கள். குறிப்பிட்ட மெமரி மாறினால் அந்தக் கணமே டம்ப் எடு என்று ஹார்ட்வேர் துணையோடு சொல்ல முடியும்தான். ஆனால் எந்த முகவரி என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு செல் அல்லவா அடிபடுகிறது.

பிப்ரவரிக் கடைசியில் மறுபடி விழுந்தது. முதல் டம்ப் சொன்னதற்கு மேல் இரண்டாவது டம்ப் ஒன்றும் சொல்லவில்லை. காவல் சொல்லையும் ட்ரேஸையும் திரும்ப வைத்த மாட்யூலை நாங்கள் தயார் பண்ணி வைத்திருந்தோம், ஆனால் 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக எல்லா வங்கிகளும் பதற்றத்தில் இருந்த வருடம் அது. அவர்களுடைய டெஸ்ட் சிஸ்டத்தில் மூன்று வாரம் ஓடாமல் எதையும் ப்ரொடக்‌ஷனில் ஏற்ற மாட்டார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயம்தான். மார்ச் கடைசியில்தான் ஏறியது.

அந்த ராத்திரி விழவில்லை. ஒரு செல்லைத் திருப்பி வாங்கும்போது காவல் சொல் சிதைந்திருப்பதைப் பார்த்து மெசேஜ் கொடுத்தது. வாங்கியவரின் முகவரியும் கூடவே வந்தது. முகவரியை மாட்யூல் மேப்பில் தேடி, சோர்ஸைத் திறந்து, தப்பைக் கண்டுபிடிக்க 20 நிமிடம். ப்ரின்ட் வரி 132 எழுத்து; அதன் முன்னால் காகிதத்தை நகர்த்தும் கன்ட்ரோல் எழுத்து ஒன்று சேர்ந்தால் 133. எல்லா வழிகளிலும் அந்த ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் நகலெடுப்போம். மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்று வரும் வழியில் மட்டும் கழிக்கவில்லை. 132 இடத்தில் 133. அந்தத் தப்பு அதற்கு முன்னும் இருந்திருக்கலாம். பழைய மாட்யூலில் அது காவல் சொல்லில்தான் போய் விழுந்திருக்கும்.

இரண்டு மாதத்தையும் 20 நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் மிச்சம் பிடித்தது செல்லுக்கு 16 பைட்.

எங்கள் லீட் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. 1986-ஆம் வருட லிஸ்டிங்கை பீரோவிலிருந்து எடுத்து வந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "மேல இருக்கிற பெட்டியப் படிம்மா" என்றார். நான் நீக்கிய மாற்றக் குறிப்புகள். அதில் ஒரு வரி: காவல் சொல் சேர்க்கப்பட்டது, அடுத்த செல்லின் சங்கிலி கெட்டுப்போன பிரச்சினைக்காக. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இதே டம்ப்பைப் படித்திருக்கிறார். அவர் பட்ட பாடு ஒரு வரியாக அங்கே இருந்தது, நான் அதை அழித்திருந்தேன். இன்றுவரை எனக்கு வலிப்பது அந்த வரிதான்.

இத்தோடு நிறுத்தினால் தம்பிக்கு நான் பாதிதான் சொன்னவளாவேன். அவன் எடுத்த 140-இல் நான் 1998-க்குப் பிறகு சேர்த்தவையும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை அவன் எடுத்தது சரி.

2003-இல், அடிபட்ட நினைவு போகாமல், அந்த மாட்யூலுக்கு ஓர் எஸ்டே ரொட்டீன் எழுதினேன். எம்விஎஸ்-இல் ஒரு ப்ரோக்ராம் விழும்போது, விழுந்த காரணம், ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் எஸ்டிடபிள்யூஏ என்ற கட்டத்தில் போட்டு, "நீ ஏதாவது செய்ய விரும்புகிறாயா" என்று அந்த ப்ரோக்ராம் பதிவு செய்து வைத்த ரெக்கவரி ரொட்டீனிடம் சிஸ்டம் கேட்கும். என்னால் முடியாது, மேலே அனுப்பு என்று சொல்லலாம். இந்த இடத்திலிருந்து மறுபடி ஓட்டு என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைச் சொன்னேன். சங்கிலி கெட்டிருந்தால், நல்ல செல் வரைக்கும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டு, எண்ணிக்கையைத் திருத்தி, தொடர்ந்து ஓட்டு. வாடிக்கையாளருக்கு ப்ராடக்ட் விழக்கூடாது என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. மறுபடி ஓடுகிறதே, டம்ப் எதற்கு என்று டம்ப்பையும் நிறுத்திவைத்தேன்.

அது ஒரு வாடிக்கையாளரிடம் 11 நாள் ஓடியது. ப்ராடக்ட் ஒரு தடவைகூட விழவில்லை. வெட்டிவிட்ட சங்கிலியில் இருந்த பக்கங்கள் இன்டெக்ஸில் ஏறவில்லை. ஆடிட்டர் ஒரு பக்கத்தைக் கேட்டபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பூலில் இருந்த மூலமும் வழக்கம்போல் அழிக்கப்பட்டிருந்தது. பேக்கப் டேப்பிலிருந்து பழைய டேட்டாவைத் திரும்ப ஏற்றி, 11 ராத்திரிகளின் ரிப்போர்ட் வேலைகளை அவர்கள் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. விழுந்திருந்தால் முதல் ராத்திரியே முடிந்திருக்கும்.

இந்த இரண்டு சம்பவத்தையும் பல வருடம் மனதில் போட்டு உருட்டிய பிறகு எனக்கு வந்த தெளிவு இதுதான், தம்பி. பழுது பார்க்க உதவும் என்று நாம் எழுதுகிற கோட் எல்லாம் ஒரே சாதி இல்லை. ஒன்று சாட்சி: ஐ-கேட்சர், காவல் சொல், ட்ரேஸ் வரி, வாங்கியவர் முகவரி, தனித்தனி ரீசன் கோட். அது எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஓட்டத்தின் போக்கை மாற்றாது. தப்பாகவே எழுதியிருந்தாலும் பெரும்பாலும் யாரையும் கெடுக்காது. இன்னொன்று வைத்தியம்: மறுபடி முயற்சி, சங்கிலியைச் சரிசெய்தல், மாற்று வழியில் போதல். அது எல்லாம் கெட்டுப்போன நேரத்தில், எது நிஜம் என்று தெரியாத மெமரியின் மேல் நின்று முடிவெடுக்கிறது. டெஸ்டில் மிகக் குறைவாக ஓடியதும் அதுதான். மாட்யூலை எளிமையாக்கு என்றால் நான் கத்தியை முதலில் வைப்பது வைத்தியத்தின் மேல். சாட்சியின் மேல் கை வைப்பதற்கு முன் பழைய லிஸ்டிங்கைப் படிப்பேன்.

எம்விஎஸ்-இல் ரெக்கவரி ரொட்டீன்கள் ஏராளம், அவை மறுபடியும் ஓட்டத்தானே செய்கின்றன என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும். ஆனால் நன்றாக எழுதப்பட்ட ஒன்றைப் பார், முதலில் என்ன செய்கிறது என்று. எஸ்டிடபிள்யூஏ-வில் தன் மாட்யூல் பெயரையும் நிலைமையையும் குறிக்கிறது, லாக்ரெக் என்ற பிழைப் பதிவேட்டில் பதிகிறது, தேவைப்பட்டால் டம்ப் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் மீட்பு. நான் 2003-இல் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் எழுதினேன்.

மெசேஜ் விஷயமும் இதில் சேரும். எங்கள் ப்ராடக்டில் ரொம்ப காலம் ஒரே ஒரு "உள் பிழை" மெசேஜ் இருந்தது. ஒரு மேக்ரோ, 14 இடங்களிலிருந்து அதையே கூப்பிடும். கோட் எவ்வளவு எளிமை! வாடிக்கையாளர் போனில் அந்த மெசேஜைப் படித்துச் சொன்னால் எங்களுக்குக் கிடைப்பது 14-இல் ஏதோ ஒன்று. இதற்கு நேர்மாறாக 013-18 என்று எந்த மெயின்ஃப்ரேம் ஆளிடமும் சொல்லிப் பாருங்கள், கேட்டபடியே டீயைக் கீழே வைக்காமல் "மெம்பர் இல்ல" என்பார். லைப்ரரியில் நீங்கள் கேட்ட மெம்பர் இல்லை. ஓப்பன் பண்ணும்போது வரும் தவறுகள் பல 013 என்றே வந்தாலும், பின்னால் வரும் இரண்டு இலக்கம் எந்தத் தவறு என்று சொல்லிவிடும். அந்த 14 இடத்துக்கும் 14 எண் கொடுக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. அதற்குப் பிறகு டம்ப் கேட்காமலே போனிலேயே முடிந்த கேஸ்கள் நிறைய. என் வேலையில் செலவழித்த மிக நல்ல மத்தியானம் என்று அதைச் சொல்வேன்.

எளிமையின் பக்கம் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மல்டிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வேலை செய்த டாம் வான் வ்லெக் ஓர் உரையாடலைப் பதிவு செய்திருக்கிறார். தான் எழுதிய கோடில் பாதி பிழை மீட்புக்கே போனதாக, யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியிடம் சொல்லியிருக்கிறார். யூனிக்ஸில் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பிழை வந்தால் பானிக் என்ற ரொட்டீன் மெஷினை நிறுத்திவிடும், நடைக்கூடத்தில் ஒரு குரல் கொடுத்தால் யாராவது ரீபூட் செய்வார்கள் என்பதாக ரிட்சியின் பதில் இருந்திருக்கிறது. நான் அதைப் பெரிதும் மதிக்கிறேன். வைத்தியத்தை விட்டது சரி என்று என் 11 நாள் சொல்கிறது. ஆனால் அந்தப் பதிலில் உள்ள நடைக்கூடத்தைக் கவனிக்க வேண்டும். எழுதியவரும் ஓட்டுபவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். எனக்கும் என் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரு சுங்கச் சாவடியும் ஒன்பது நாளும் இருந்தன. அந்த தூரத்தை நிரப்புவது அந்த 16 பைட்தான்.

சரி, 140 வரிக்கு வருகிறேன். புதன், வியாழன் இரண்டு நாளும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம். 90 வரி போகலாம் என்று ஒத்துக்கொண்டேன். மறுபடி ஓட்டுகிற வழியின் மிச்சசொச்சம் முழுவதும் போனது. அது 2003-க்குப் பிறகு அணைத்து வைக்கப்பட்டிருந்ததே தவிர நீக்கப்படவில்லை, அது என் சோம்பல். ட்ரேஸுக்கு ஒன்பது நிலைகள் இருந்தன. ஒவ்வொரு வெளியீட்டிலும் யாரோ ஒருவர் ஒரு நிலை சேர்த்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை, ஒரு கிளை. வாடிக்கையாளர்கள் பூஜ்யத்தையும் ஒன்பதையும் தவிர வேறு எதையும் வைத்ததில்லை என்று தம்பி கேஸ் பதிவுகளைப் படித்துக் காட்டினான். அந்த வேலையை நான் செய்திருக்க வேண்டும். இப்போது நிலையே இல்லை. ட்ரேஸ் எப்போதும் ஓடும், ஒரே வகை வரி. கோடும் சின்னதாயிற்று, சாட்சியும் கூடியது. இரண்டும் ஒன்றாக நடக்கிற இடங்கள் இப்படிச் சில உண்டு. சேவ் ஏரியா விஷயத்திலும் பாக்கர் கட்டளையால் அப்படி ஒன்று நடந்திருக்கலாம். லிங்கேஜ் ஸ்டாக் என்ற தனி அடுக்கு வந்த பிறகு அந்த ஒரே கட்டளை பொது ரெஜிஸ்டர் எல்லாவற்றையும் அதில் பத்திரப்படுத்தும், ஐபிசிஎஸ்-ஸும் அதை அழகாகக் காட்டும். அடிக்கடி கூப்பிடப்படும் இந்த ரொட்டீனுக்கு அது கொஞ்சம் மெதுவானது என்பதால் பழைய முறையையே வைத்தோம்.

50 வரி திரும்ப வந்தது. ஐ-கேட்சர், காவல் சொல், ட்ரேஸ், மாற்றக் குறிப்புகள். 1986-ஆம் வருட வரியை பீரோ லிஸ்டிங்கிலிருந்து பார்த்துப் பழையபடியே தட்டச்சு செய்தான்.

நேற்று சாயங்காலம் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, ட்ரேஸ் வரில நேரமே இல்லயே. எந்த வரி எப்ப நடந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. 1986-இல் எழுதியவருக்கும் 1999-இல் திரும்ப வைத்த எனக்கும் தோன்றாதது. கடிகாரத்தைச் சேர்த்தால் 8 பைட். 16 என்பது 24 ஆகிறது. 4096-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. டேபிளின் கடைசிக்கு வந்ததும் முதலுக்குத் திரும்ப இப்போது மேல் பிட்டுகளை வெட்டிவிடும் ஒரே ஓர் ஆண்ட் கட்டளை போதும், அப்புறம் போதாது, ஒப்பிட்டுப் பார்த்துக் கிளை பிரிய வேண்டும். ஒரு கம்பேர்-அண்ட்-ஸ்வாப்புக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனமில்லை. அவன் கொஞ்ச நேரம் காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு, 32 பைட், 128 வரி என்று எழுதிக் காட்டினான். பக்கம் அதே பக்கம், ஆண்ட் அதே ஆண்ட். மிஞ்சும் 8 பைட்டில் எந்த டாஸ்க் என்பதையும் எழுதலாம்.

128 வரி எவ்வளவு தூரம் பின்னால் போகும் என்பதுதான் மீதி. திங்கட்கிழமை மாதக் கடைசி அளவுக்கு ரிப்போர்ட்டுகளைக் கொட்டி, டேபிள் ஒரு சுற்று வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கப் போகிறோம். போதாது என்றால் இரண்டு பக்கம் கேட்கிறான். கொடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.